மேட்ச் நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்டேடியம் வளர்வது எப்படி?

"இவ்வளவு பணம் இருக்கே, ஆளைக் கூட்டிப் போட்டா ஆறு மாசத்துல முடிக்கலாமே!" ஏதாவது ஒரு ஸ்டேடியத்தின் விரிவாக்கம் தாமதமானால் டீக்கடையிலும் யூடியூபிலும் இந்தப் பேச்சுதான். இன்னொரு பேச்சும் உண்டு: "சீட்டெல்லாம் போட்டாச்சு, கூரையும் போட்டாச்சு. ஜனங்களை உள்ளே விட்டா என்ன?"

இரண்டும் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் ஸ்டேடியம் கட்டுவது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்தக் கேள்விகளே மாறிவிடும். பலரும் நினைப்பதுபோல, கட்டுமான மேலாண்மை என்பது வெள்ளை ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆட்களை வேலை வாங்குவது அல்ல. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, எந்தத் தேதிக்கு எது தயாராக இருக்க வேண்டும், தவறினால் யார் தலையில் விழும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதுதான் அது. ஏற்கெனவே மேட்ச் நடந்துகொண்டிருக்கும் ஸ்டேடியம் என்றால் இது பல மடங்கு கடினம்.

நான் எடுத்துக்கொள்ளப்போகும் உதாரணம், இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள ஆன்ஃபீல்ட் கால்பந்து மைதானம். பத்து ஆண்டுகளுக்குள் அங்கே இரண்டு பெரிய விரிவாக்கங்கள் நடந்தன. ஒன்று கச்சிதமாக முடிந்தது, மற்றொன்று பாதி வழியில் சிக்கிக்கொண்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். அதற்கு முன்னால் நம்ம ஊர் வீடு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

கீழே குடியிருந்துகொண்டே மாடி எடுப்பது

எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது நாங்கள் கீழேயே குடியிருந்தோம். தளம் போட்ட நாள் நன்றாக நினைவிருக்கிறது. விடிந்ததும் மிக்ஸர் வந்து நின்றது. ஏணியில் ஆளுக்கொரு படியாக நின்று சட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி, சாயங்காலத்துக்குள் மொத்தத் தளமும் போட்டாகிவிட்டது. மதியம் எல்லோருக்கும் பிரியாணி.

மறுநாள் மேலே ஆளே இல்லை. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியதோடு சரி. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அப்பா மேஸ்திரியிடம் கேட்டார், "என்னப்பா, அப்படியே நிக்குதே?"

"ஐயா, முட்டு பிரிக்க நாளாகணும். இன்னும் இருபது ஆளைக் கூட்டிட்டு வந்தாலும் கான்கிரீட்டு அதோட நாளை எடுத்துக்கும்" என்றார் அவர்.

கான்கிரீட்டின் பலத்தை 28ஆம் நாளில் சோதித்துப் பார்ப்பதுதான் வழக்கம். அது இறுகுவது ரசாயன வினை, ஆள் பலத்துக்கு அங்கே வேலையில்லை. முட்டு நிற்கும்வரை உள்ளே பூச்சு வேலை செய்ய முடியாது. பூச்சு முடியாமல் வயரிங் முடியாது. அது முடியாமல் பெயின்ட் அடிக்க முடியாது. ஆனால் அதே நாட்களில் ஆசாரி தன் பட்டறையில் ஜன்னல் கதவுகளைச் செய்துகொண்டிருக்கலாம், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

கீழே குடியிருப்பதன் சிரமம் தனி. குளியலறைக் குழாயைத் திருப்பிவிட வேண்டுமானால் நாங்கள் குளித்து முடித்த பிறகுதான் முடியும். அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று மேலே ஒரு சுத்தியல் சத்தம்கூடக் கேட்கவில்லை. மேஸ்திரியிடம் முந்தைய வாரமே சொல்லியிருந்ததால், சத்தம் வரும் வேலைகளை முன்னாலேயே முடித்து வைத்திருந்தார்.

ஸ்டேடிய விரிவாக்கத்தின் அடிப்படை முழுவதும் இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அவசரப்படுத்தவே முடியாத வேலைகள் சில உண்டு. வேலைகள் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கும். கீழே வாழ்க்கை நடந்துகொண்டே இருக்கும், அதன் தேதிகளுக்கு மேலே நடக்கும் வேலை வளைந்து கொடுக்க வேண்டும்.

காலி செய்வதா, இருந்துகொண்டே கட்டுவதா?

ஒரு கிளப் தன் ஸ்டேடியத்தைப் பெரிதாக்க நினைத்தால் முதலில் எடுக்கும் முடிவு இதுதான். கல் ஒன்று வைப்பதற்கு முன்பே இந்த முடிவு மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது.

பார்சிலோனா கிளப் காலி செய்யும் வழியை எடுத்தது. 2023இல் தன் கேம்ப் நூ மைதானத்தை விட்டு அதே நகரத்தின் மான்ட்ஜுயிக் மலையில் இருக்கும் ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்கு மாறியது. காலி மைதானத்தில் இடிப்பதும் கட்டுவதும் சுலபம். ஆனால் வேலை நீளும் ஒவ்வொரு மாதமும் கிளப்புக்கு வாடகை வீட்டு வாழ்க்கைதான். 2024 முடிவதற்குள் திரும்பிவிடலாம் என்பது அவர்களின் முதல் திட்டம். உண்மையில் திரும்பியது 2025 நவம்பரில், அதுவும் மைதானத்தின் ஒரு பகுதியை மட்டும் திறந்து.

லிவர்பூல் கிளப் இருந்துகொண்டே கட்டியது. டிக்கெட் வருமானம் நிற்காது, ரசிகர்களும் வேறு இடத்துக்கு அலைய வேண்டாம். அதற்கு விலையாக, ஒவ்வொரு வேலையையும் மேட்ச் அட்டவணைக்குள் நுழைத்துத்தான் செய்ய முடியும். லீக் ஆட்டம் மட்டும் ஒரு சீசனுக்கு 19 முறை சொந்த மைதானத்தில் நடக்கும். கோப்பைப் போட்டிகள் அதற்கு மேல்.

பழைய ஸ்டாண்டின் முதுகுக்குப் பின்னால்

ஆன்ஃபீல்டின் நான்கு பக்கங்களில் ஒன்று மெயின் ஸ்டாண்ட். 2014 டிசம்பரில் அதை விரிவாக்கும் வேலை தொடங்கியது. சுமார் 8,500 இருக்கைகளைக் கூட்டி, 45,000 பேர் உட்காரும் மைதானத்தை 54,000 பேருக்கானதாக மாற்றுவது திட்டம். செலவு 11 கோடி பவுண்டுக்கு மேல்.

பழையதை இடிக்காமல் எப்படிப் பெரிதாக்குவது? எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பழைய ஸ்டாண்டைத் தொடவே இல்லை. அதன் முதுகுப் பக்கம், மைதானத்துக்கு வெளியே இருந்த நிலத்தில் புதிய ஸ்டாண்டின் எலும்புக்கூட்டை எழுப்பினார்கள். அந்த நிலம் சும்மா கிடைக்கவில்லை. அங்கே வரிசை வீடுகள் இருந்தன. பல ஆண்டுகளாக அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, பிறகு இடித்தார்கள். அங்கே வாழ்ந்தவர்களின் மனவருத்தமும் இந்த ஸ்டாண்டின் கதையில் உண்டு, அதைச் சொல்லாமல் போவது நியாயமில்லை.

ரசிகர்கள் பழைய கூரைக்குக் கீழே உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் இரும்புத் தூண்கள் வாரத்துக்கு வாரம் உயர்ந்தன. 2015இன் பிற்பகுதியில் முக்கியமான ஒரு பாகம் மேலே ஏறியது: கூரையைத் தாங்கும் டிரஸ். கல்யாண மண்டபத்து ஷெட்டின் கூரைக்கு அடியில் இரும்புக் கம்பிகள் முக்கோணம் முக்கோணமாகக் கோத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் டிரஸ். நடுவில் தூண் இல்லாமல் நீண்ட தூரத்தைத் தாண்டுவதற்கான அமைப்பு. ஆன்ஃபீல்டில் அதன் நீளம் சுமார் 140 மீட்டர், எடை 650 டன் அளவில். இது ஒன்று இருப்பதால்தான் அந்த ஸ்டாண்டில் உட்காரும் இருபதாயிரம் பேரில் ஒருவருக்குக்கூடக் கண்முன் தூண் மறைப்பதில்லை.

இப்போது ஒரு விநோதமான நிலைமை. பழைய கூரை கீழே அப்படியே இருக்கிறது, புதிய கூரையின் எலும்பு அதற்கு மேலே வந்துவிட்டது. இரண்டையும் சேர்க்க வேண்டும், அதற்குப் பழைய கூரையைப் பிரித்தே ஆக வேண்டும். மேட்ச் இருக்கும்போது அது முடியாது. ஆகவே அதற்கு மிச்சம் இருந்தது இரண்டு சீசன்களுக்கு நடுவே வரும் ஒரு கோடைக்காலம்தான்.

122 நாட்கள்

2015-16 சீசனின் கடைசி ஆட்டம் ஆன்ஃபீல்டில் 2016 மே 11 அன்று, செல்சீக்கு எதிராக. அது முடிந்ததும் பழைய கூரையைப் பிரித்து, பழைய படிவரிசைகளையும் புதியவற்றையும் இணைத்து, இருக்கைகள் மாட்டி, எல்லாவற்றையும் சோதித்து முடிக்க வேண்டும். பொதுவாக ஆகஸ்ட் நடுவில் அடுத்த சீசன் தொடங்கிவிடும். அவ்வளவு நாட்கள் போதாது.

கிளப் என்ன செய்தது? அடுத்த சீசனின் முதல் மூன்று லீக் ஆட்டங்களையும் வெளியூரில் வைத்துத் தரும்படி முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொண்டது. ஆர்சனல், பர்ன்லி, டாட்டன்ஹாம் என்று வரிசையாக வெளி மைதானங்கள். ஆன்ஃபீல்டில் முதல் ஆட்டம் செப்டம்பர் 10, லெஸ்டர் அணிக்கு எதிராக. மே 11இலிருந்து எண்ணினால் 122 நாட்கள்.

ஸ்டாண்ட் தயாராக இருந்தது. லிவர்பூல் 4-1 என்று ஜெயித்தது.

கட்டுமான மேலாண்மை என்றால் என்ன என்று யாராவது என்னிடம் கேட்டால் நான் சொல்வது இந்த மூன்று வெளியூர் ஆட்டங்களைத்தான். வெறும் ஆளைக் கூட்டி, இரவு பகலாக வேலை வாங்கி மட்டும் இதைச் சாதித்துவிட முடியாது. ஒரு வருடத்துக்கும் மேலாகப் பின்னால் கட்டி வைத்துக்கொண்டு, கடைசியில் மைதானம் காலியாக இருந்தே தீர வேண்டிய வேலையை மட்டும் ஒதுக்கி, அதற்கான நாட்களை அட்டவணையிலேயே சம்பாதித்துக்கொண்டார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: இருந்துகொண்டே கட்டும்போது வேலைகள் இரண்டு வகையாகப் பிரிகின்றன. மேட்ச் நடக்கும்போதும் செய்யக்கூடியவை, மைதானம் காலியாக இருந்தால் மட்டுமே செய்யக்கூடியவை. இரண்டாவது வகையை எவ்வளவு சிறிதாக்க முடியுமோ அவ்வளவு சிறிதாக்குவதுதான் திட்டமிடுபவரின் சாமர்த்தியம்.

நீளமான சங்கிலி

"ஆளைக் கூட்டினால் சீக்கிரம் முடியாதா?" என்ற முதல் கேள்விக்கு இப்போது வருவோம். இதற்குப் பதில் சொல்லும் முறை ஒன்றை 1950களின் கடைசியில் அமெரிக்காவில், டுபான்ட் என்ற ரசாயன நிறுவனத்தின் வேலைகளுக்காக உருவாக்கினார்கள். அதன் பெயர் கிரிட்டிக்கல் பாத். எல்லா வேலைகளையும் 'இது முடிந்தால்தான் அது' என்று சங்கிலிகளாகக் கோத்துப் பார்த்தால், அதில் நாட்கணக்கில் மிக நீளமான சங்கிலிதான் கிரிட்டிக்கல் பாத். மொத்த வேலையும் முடியும் தேதியைத் தீர்மானிப்பது அந்த ஒரு சங்கிலிதான்.

கணக்கு புரிவதற்காக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். ஒரு ஸ்டாண்டுக்கு அஸ்திவாரம் 4 மாதம். அதன்மேல் இரும்புச் சட்டகம் 5 மாதம். அதன்மேல் படிவரிசை பொருத்த 3 மாதம். தொழிற்சாலையில் முன்பே வார்த்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் கான்கிரீட் துண்டுகள்தான் இந்தப் படிகள். பிறகு கூரைத் தகடு 2 மாதம், இருக்கை 1 மாதம், சோதனை 1 மாதம். கூட்டினால் 16 மாதம்.

இதற்கு நடுவில் ஸ்டாண்டின் அடியில் சமையலறைகளும் கழிவறைகளும் வர வேண்டும். படிவரிசை பொருத்திய பிறகு, அதாவது 12ஆம் மாத முடிவில்தான் அவற்றைத் தொடங்க முடியும். 2 மாத வேலை, 14ஆம் மாதம் முடிந்துவிடும். ஆனால் சோதனை தொடங்குவது 15ஆம் மாத முடிவில்தான். ஆக, சமையலறை வேலைக்கு ஒரு மாதம் கையிருப்பு இருக்கிறது. இதைப் பொறியாளர்கள் ஃப்ளோட் என்பார்கள். நாம் சாவகாசம் என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது சமையலறைக்கு இன்னும் ஐம்பது பேரைப் போட்டால் அந்த வேலை சீக்கிரம் முடியும். ஆனால் திறப்பு விழா ஒரு நாள்கூட முன்னால் வராது, ஏனென்றால் அது நீளமான சங்கிலியில் இல்லை. சரி, இரும்புச் சட்டகத்துக்கு ஆள் கூட்டலாமா? அங்கேயும் ஒரு எல்லை உண்டு. இரும்பைத் தூக்குவது கிரேன். ஒரு கிரேன் ஒரு நேரத்தில் ஒரு உத்திரத்தைத்தான் தூக்கும். கீழே இருநூறு பேர் நின்றாலும் கொக்கி ஒன்றுதான். இன்னொரு கிரேன் வைக்கலாமே என்றால், பக்கத்தில் பழைய ஸ்டாண்ட், பின்னால் தெரு, அதைத் தாண்டி மக்கள் வசிக்கும் வீடுகள். நிறுத்த இடம் வேண்டும். காற்று பலமாக அடித்தால் இரண்டும் சும்மா நிற்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு, இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். சங்கிலி நிலையாக நிற்காது. சமையலறை வேலை ஒரு மாதத்துக்குப் பதில் ஆறு வாரம் தள்ளிப்போனால், சாவகாசம் தீர்ந்து இப்போது அதுவே நீளமான சங்கிலியாகிவிடும். நேற்றுவரை யாரும் கண்டுகொள்ளாத எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றின் டெலிவரி, இன்று மொத்த ஸ்டேடியத்தையும் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் திட்டமிடுபவர்கள் வாராவாரம் அந்த அட்டவணையைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

மேட்ச் நாள் வந்துவிட்டால்

கட்டுமான இடம் என்றால் பள்ளம், தொங்கும் சுமை, கூர்மையான இரும்பு. மேட்ச் நாள் என்றால் ஐம்பதாயிரம் பேர், குழந்தைகள் உட்பட. இந்த இரண்டும் ஒரே மதில் சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன.

எனவே மேட்சுக்கு முன்பே கிரேன் வேலை நின்றுவிடும். தகடு அடைப்புகள் உறுதியாக இருக்கின்றனவா, காற்றில் பறக்கக்கூடிய பொருள் ஏதாவது மேலே கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். மூடிய வாசலுக்குப் பதிலாக மாற்று வழி, ஆம்புலன்ஸ் வரும் பாதை எல்லாம் ஒவ்வொரு முறையும் சரிபார்க்கப்படும். மேட்ச் முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் இடம் மறுபடி காண்ட்ராக்டர் கைக்கு வரும். ஒரு சாதாரணக் கட்டடத்தில் இல்லாத இந்த நிறுத்தமும் தொடக்கமும் சீசனுக்கு இருபது முப்பது முறை நடக்கும். அட்டவணை போடும்போதே இந்த நாட்களைக் கழித்துத்தான் கணக்கு வைக்க வேண்டும். இதை மறந்துவிட்டு "வேறு ஊரில் இதே அளவு ஸ்டாண்டை இவ்வளவு சீக்கிரம் கட்டினார்களே" என்று ஒப்பிடுவது சரியாக வராது.

யார் தலையில் விழும்?

வீடு கட்டியவர்களுக்கு இரண்டு வகை ஒப்பந்தம் தெரியும். லேபர் காண்ட்ராக்ட் என்றால் சிமென்ட், கம்பி, மணல் எல்லாம் நாம் வாங்கித் தர வேண்டும், கூலி மட்டும் அவர்களுக்கு. மெட்டீரியலோடு மொத்தமாக என்றால் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிவிடுவோம், கம்பி விலை ஏறினால் அது காண்ட்ராக்டர் பாடு.

பெரிய ஸ்டேடியங்களில் இரண்டாவது வகையின் பெரிய வடிவம் பரவலாக இருக்கிறது. கிளப் ஒரு மெயின் காண்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுக்கும். அவர் இரும்பு ஒருவருக்கு, மின்சாரம் ஒருவருக்கு, இருக்கை ஒருவருக்கு என்று சப் காண்ட்ராக்டர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். விலை ஏறினால், வேலை தவறினால் பொறுப்பு அவருடையது. கிளப்புக்கு இது நிம்மதியாகத் தெரியும். ஆனால் அந்த நிம்மதிக்கு ஓர் எல்லை இருக்கிறது: காண்ட்ராக்டரே மூழ்கிவிட்டால்?

ஆன்ஃபீல்டின் இரண்டாவது விரிவாக்கத்தில் அதுதான் நடந்தது. 2021 செப்டம்பரில் ஆன்ஃபீல்ட் ரோடு ஸ்டாண்டின் வேலை தொடங்கியது. அதே உத்தி: பழைய கீழ்த்தளத்தை வைத்துக்கொண்டே பின்னாலும் மேலேயும் புதிய மேல்தளம். அதற்காக ஆன்ஃபீல்ட் ரோடு என்ற தெருவையே சற்று வளைத்துத் திருப்பிவிட்டார்கள். சுமார் 7,000 இருக்கைகள் கூடி, மொத்தம் 61,000ஐத் தாண்டும். செலவு சுமார் 8 கோடி பவுண்டு. 2023 ஆகஸ்டில் புதிய சீசனின் முதல் ஆட்டத்துக்குத் திறப்பது நோக்கம்.

அந்த ஆகஸ்டில்தான் மெயின் காண்ட்ராக்டரான பக்கிங்ஹாம் குரூப் திவால் நடவடிக்கைக்குப் போனது. ஸ்டேடியம், அரங்கம் போன்ற சில பெரிய ஒப்பந்தங்களில் ஏற்பட்ட நஷ்டத்தை நிறுவனமே காரணமாகச் சொன்னது. வேலை நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் ஸ்டாண்ட் கிட்டத்தட்ட முடிந்துவிட்டதுபோலத் தெரிந்தது. ரசிகர்கள் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்கு மேலே புத்தம்புதிய மேல்தளம் ஆளில்லாமல் நின்றது.

மிச்ச வேலையை வேறொருவரிடம் கொடுத்தால் தீர்ந்ததே என்று தோன்றும். பாதியில் விட்டுப்போன வீட்டை இன்னொரு மேஸ்திரியிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் முதலில் என்ன சொல்வார்? "சுவருக்குள்ளே பைப் எங்கே போகுதுன்னு எனக்குத் தெரியாதே." முந்தையவர் செய்ததில் எது முடிந்தது, எது சோதித்தது, எது வெறும் தோற்றம் என்று அவர் பார்த்தாக வேண்டும். பழைய சப் காண்ட்ராக்டர்களில் பலருக்குப் பணம் பாக்கி நிற்கும். அவர்களைத் திரும்ப அழைத்துப் புது ஒப்பந்தம் போட வேண்டும். இன்னொருவர் செய்த வேலைக்குத் தான் உத்தரவாதம் தருவதா என்று புதியவர் யோசிப்பார். ஒரு சுத்தியல்கூடத் தூக்காமல் வாரங்கள் கரைவது இங்கேதான்.

ரெய்னர் ரோவன் என்ற நிறுவனம் வேலையை ஏற்றுக்கொண்டது. 2023 டிசம்பர் 17 அன்று மான்செஸ்டர் யுனைடெட் வந்தபோது மேல்தளத்தின் ஒரு பகுதி திறந்தது, அன்றைய கூட்டம் 57,158. 2024 பிப்ரவரியில் பர்ன்லிக்கு எதிராக 59,896. ஒரே நாளில் வாசலைத் திறந்துவிடாமல், சோதித்துச் சோதித்துப் பகுதி பகுதியாகத் திறந்தார்கள்.

இன்னொரு செய்தியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மெயின் ஸ்டாண்டை நன்றாகக் கட்டி முடித்த கரிலியன் நிறுவனமும் 2018 ஜனவரியில் திவாலாகிவிட்டது. முதல் விரிவாக்கம் தப்பித்தது, அது முன்பே முடிந்துவிட்டதால். காண்ட்ராக்டர்களின் லாப விகிதம் மிகக் குறைவான தொழில் இது. மிகக் குறைந்த விலை கேட்டவரிடம் வேலையைத் தள்ளிவிட்டு எல்லா ஆபத்தையும் அவர்மேல் ஏற்றுவது புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கவில்லை. அவர் விழுந்தால் ஸ்டாண்ட் கிளப்பின் மைதானத்தில்தான் பாதியில் நிற்கும்.

எட்டு நிமிடக் கணக்கு

கடைசியாக, "கட்டியாச்சே, உள்ளே விட்டா என்ன?" என்ற கேள்வி.

1971 ஜனவரி 2. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் மைதானத்தில் ஆட்டம் முடிந்து ஜனங்கள் ஒரு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் சரிந்தது. அந்த ஒரே படிக்கட்டில் 66 பேர் இறந்தார்கள். அதன் பிறகு பிரிட்டனில் 1975இல் மைதானப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பெரிய மைதானங்களுக்கு உள்ளாட்சி நிர்வாகத்தின் பாதுகாப்புச் சான்று கட்டாயமானது. எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதை அந்தச் சான்றுதான் சொல்லும். 1989இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். ஆகவே லிவர்பூல் நகரத்தில் இது காகிதச் சடங்கு அல்ல.

சான்றில் இருக்கும் எண் இருக்கைகளை எண்ணி வருவது என்று நினைப்போம். இருக்கை ஒரு கணக்கு மட்டுமே. எத்தனை பேர் வாசல் வழியே நேரத்துக்கு உள்ளே வர முடியும், எத்தனை பேர் வெளியேற முடியும், ஆபத்து நேரத்தில் எத்தனை பேர் தப்ப முடியும் என்றும் கணக்கிடுவார்கள். இவற்றில் எது மிகச் சிறிய எண்ணோ அதுதான் அனுமதி.

பிரிட்டனில் இதற்கான வழிகாட்டி நூலை கிரீன் கைட் என்பார்கள். மேட்ச் முடிந்ததும் இருக்கைப் பகுதியில் இருக்கும் அனைவரும் தடையின்றி நகரும் வெளிவழியை அதிகபட்சம் 8 நிமிடத்தில் அடைந்துவிட வேண்டும் என்கிறது அது. படிக்கட்டில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 66 பேர் என்பது அதன் கணக்கு. 7,000 பேர் 8 நிமிடத்தில் என்றால் நிமிடத்துக்கு 875 பேர். 66ஆல் வகுத்தால் 13 மீட்டருக்குச் சற்று அதிகம். அவ்வளவு அகலத்துக்குப் படிக்கட்டு வேண்டும், இரண்டு மீட்டர் படிகளாக வைத்தால் ஏழு. அந்த ஏழில் ஒரு படிக்கட்டின் கைப்பிடி இன்னும் பொருத்தவில்லை, ஆகவே அது மூடியிருக்கிறது என்று வையுங்கள். மிச்ச ஆறு படிக்கட்டுகளில் 8 நிமிடத்தில் 6,336 பேர்தான் இறங்க முடியும். இருக்கைகள் ஏழாயிரமும் பளபளவென்று தயாராக இருந்தாலும் 664 இருக்கைகளைக் காலியாகத்தான் விட வேண்டும்.

தீ எச்சரிக்கை மணி, அவசர விளக்கு, ஒலிபெருக்கி எல்லாமும் இப்படித்தான். தனித்தனியாக வேலை செய்தால் போதாது, மணி அடித்தால் கதவு தானாகத் திறக்கிறதா, அறிவிப்பு கேட்கிறதா என்று சேர்த்துச் சோதிப்பார்கள். நாம் போட்ட சங்கிலியில் கடைசியாக 'சோதனை 1 மாதம்' என்று ஒரு கண்ணி இருந்ததே, அது இதுதான். முன்னால் எல்லாம் தாமதமாகி, கடைசியில் இந்த மாதத்தைச் சுருக்கிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். சுருக்கவே கூடாத மாதம் இதுதான்.

நாம் பார்த்த காலி ஸ்டாண்டுகள்

இது நமக்குத் தெரியாத விஷயம் இல்லை. சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பையை ஒட்டி ஐ, ஜே, கே என்று மூன்று புதிய ஸ்டாண்டுகள் எழுந்தன. கடற்காற்று உள்ளே வரும்படி, வெள்ளைத் துணிக் கூடாரம் போன்ற அழகான கூரை. ஆனால் கட்டுமான அனுமதி தொடர்பான பிரச்சினையில் 2012க்குப் பிறகு பல ஆண்டுகள் அவை மூடியே கிடந்தன. பக்கத்தில் மிக நெருக்கமாக இருந்த மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடம் அந்தச் சிக்கலின் நடுவில் இருந்தது. டிவியில் மஞ்சள் கடலாகத் தெரியும் மைதானத்தில் அந்த மூன்று துண்டு மட்டும் வெறுமையாக இருந்ததை சிஎஸ்கே ரசிகர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019இல் சென்னையில் நடக்க வேண்டிய ஐபிஎல் இறுதிப் போட்டி, இந்த மூன்று ஸ்டாண்டுகளையும் திறக்க அனுமதி கிடைக்காததால் ஹைதராபாத்துக்குப் போனது.

இரும்பும் கான்கிரீட்டும் கூரையும் இருக்கையும் எல்லாம் இருந்தன. நீளமான சங்கிலியின் கடைசிக் கண்ணி மட்டும் மாட்டவில்லை. அந்த உடற்பயிற்சிக் கூடம் இடிக்கப்பட்ட பிறகு, 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிரான இரண்டாவது டெஸ்டின்போது அந்த மூன்று ஸ்டாண்டுகளிலும் ஜனங்கள் மறுபடி வந்து உட்கார்ந்தார்கள். அங்கே கான்கிரீட் இறுகிப் பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.